பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிளின் அசல் நிறத்தை மீட்பது எப்படி? உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் அறிய வேண்டியவை

புது டெல்லி: அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டலாம். தேய்ந்த பிஸ்டனை மாற்றலாம், நைந்த இருக்கைக்குப் புது உறை தைக்கலாம். ஆனால், தொழிற்சாலையில் அதன் மீது பூசப்பட்ட வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க இயலாது. அதன் பிறகு பூசப்படுவது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஒரு நகல்தான்.

இதனால்தான் மோட்டோ குஸ்ஸி, டுகாட்டி போன்ற பழைய இத்தாலிய வாகனங்களைச் சேகரிப்போரிடையே வண்ணம் பெரும் விவாதப் பொருளாக இருந்து வருகிறது. நன்கு பேணப்பட்ட அசல் பூச்சுடன் இருக்கும் வாகனம், புதிதாக வண்ணம் தீட்டப்பட்ட அதே மாதிரியைவிடக் கூடுதல் மதிப்புப் பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அசல் நிறத்தைக் கண்டறிவது எப்படி, அதற்கு இணையான வண்ணத்தைக் கலப்பது ஏன் கடினம், எப்போது வண்ணம் தீட்டலாம், எப்போது கைவைக்கக் கூடாது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

நிறத்திற்குள் ஒளிந்திருக்கும் வரலாறு

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உள்ள மான்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் இயங்கிவரும் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1921-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லினோ தோன்டி என்ற பொறியாளரின் வடிவமைப்பில், 1970-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் 'வி7 ஸ்போர்ட்' என்ற 748 சிசி மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதன் முதல் சிறு தொகுதியில் சட்டகம் சிவப்பு நிறத்திலும், பெட்ரோல் டேங்க் எலுமிச்சைச் சாயல் கொண்ட பளபளக்கும் பச்சை நிறத்திலும் இருந்தன. 'சிவப்புச் சட்டகம்' என்ற பொருள்படும் இத்தாலியப் பெயரிலேயே அந்த வண்டிகள் இன்றும் அழைக்கப்படுகின்றன.

அந்தப் பச்சை நிறத்தின் பெயர் 'வெர்தே லென்யானோ', அதாவது லென்யானோ பச்சை. லென்யானோ என்பது இத்தாலியின் புகழ்பெற்ற சைக்கிள் நிறுவனம். ஜீனோ பார்த்தாலி, ஃபாஸ்டோ கோப்பி ஆகிய வீரர்கள் அந்த அணிக்காகவே ஓட்டினர். 1940-ஆம் ஆண்டு 'ஜீரோ த இத்தாலியா' சைக்கிள் போட்டியில் கோப்பி முதன்முறை வென்றதும் அந்த அணியில் இருந்தபோதுதான். எனவே, அந்தப் பச்சைக்குப் பதிலாகக் கண்ணுக்கு இதமான வேறொரு பச்சையைப் பூசினால், வண்டி அழகாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சைக்கிள் அணியோடு அதற்கு இருந்த தொடர்பு அறுந்துவிடும்.

இதே நிறுவனத்தின் 1950-களின் பந்தய வண்டிகள் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 350 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்ற குஸ்ஸி அணி, எடையைக் குறைப்பதில் பெரும் கவனம் செலுத்தியது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் காற்றுத்தடுப்புக் கவசத்தை மெக்னீசியக் கலவைத் தகட்டில் அடித்து உருவாக்கினர். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்பட்ட பச்சை நிற குரோமேட் பிரைமருக்கு மேல் வேறு வண்ணம் தீட்டாமல் விட்டனர். அந்த எடையும் மிச்சம் என்பதே காரணம். அத்தகைய வண்டிக்கு 'பிரைமர் மட்டும்தானே இருக்கிறது' என்று கருதி ஒருவர் மேற்பூச்சுப் பூசி மெருகேற்றினால், அந்த வண்டி எதற்காக அப்படி இருந்தது என்ற காரணமே மறைந்துபோகும்.

டுகாட்டியின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 1972-ஆம் ஆண்டு இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் வென்றதை அடுத்து, 1974-இல் 'டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட்' சுமார் 400 எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. வெள்ளி நிற உடலும் கடற்பச்சை நிறச் சட்டகமும் அதன் அடையாளங்கள். கண்ணாடியிழையால் ஆன அதன் பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் ஒரு பட்டை வண்ணம் பூசப்படாமல் விடப்பட்டிருக்கும். உள்ளே எவ்வளவு பெட்ரோல் உள்ளது என்பதை வெளியிலிருந்தே பார்ப்பதற்கான ஏற்பாடு அது. விவரம் அறியாத ஒருவர் அந்தப் பட்டையையும் சேர்த்து வண்ணமடித்துவிட்டால், நிறத்தோடு ஒரு பயன்பாடும் அழிந்துவிடும்.

வெயில் படாத இடத்தில் தேட வேண்டும்

வண்டியின் வெளிப்புறத்தில் இப்போது தெரியும் நிறம் அதன் அசல் நிறமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நிறமிகளை வெளிறச் செய்கின்றன. நிறமியைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் காலப்போக்கில் மஞ்சளடைகிறது அல்லது சுண்ணாம்புபோல் பொடிந்து மங்குகிறது. சிவப்பு இளஞ்சிவப்பாகவும், வெள்ளை பழுப்பாகவும், நீலம் பச்சை கலந்ததாகவும் மாறிவிடக்கூடும். அந்த நிறத்தை அளந்து கலவை தயாரித்தால், மீள்வது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் நிறமன்று. அது வெயிலில் கழித்த ஆண்டுகளின் நிறம்.

எனவே, நிபுணர்கள் முதலில் தேடுவது வெயிலும் கையும் படாத இடங்களை. பொதுவாகக் கீழ்க்கண்ட இடங்களில் அசல் வண்ணம் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம்:

- பெட்ரோல் டேங்கின் அடிப்பகுதியும், அது சட்டகத்தின் மீது அமரும் உட்குழிவும்
- டேங்கில் திருகப்பட்டுள்ள நிறுவனச் சின்னத்தின் பின்புறம்
- இருக்கைக்கு அடியில் உள்ள சட்டகப் பகுதி
- கருவிப்பெட்டியின் உட்புறம்
- மட்கார்டைச் சட்டகத்தோடு இணைக்கும் கவ்விகளின் அடிப்பகுதி
- முகப்பு விளக்கின் வளையத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு

இத்தகைய இடம் கிடைத்தால், மென்மையான சோப்பு நீரால் அழுக்கை அகற்றி, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் மெல்லிய பாலிஷ் கம்பவுண்டால் தேய்த்துப் பார்க்கின்றனர். மேலே படிந்த மங்கலான படலம் நீங்கியதும் தெரியும் நிறமே ஒப்பீட்டுக்குரிய சான்று. அதை உடனே பகல் வெளிச்சத்தில், ஒரு நிறச் சீரமைப்பு அட்டையை அருகில் வைத்துப் படம் எடுத்து ஆவணப்படுத்துவது நடைமுறை. கைப்பேசியில் எடுத்த படத்தை மட்டும் நம்பி வண்ணம் கலப்பது பிழையில் முடியும். ஒவ்வொரு கேமராவும் வெண்மையைத் தனக்கேற்பத் திருத்திக்கொள்வதே இதற்குக் காரணம்.

மரத்தின் வளையங்களைப் போல

பலமுறை வண்ணம் மாற்றப்பட்ட வண்டிகளில், மறைவான ஓரிடத்தில் மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து, வட்டமாகவும் சரிவாகவும் தேய்க்கின்றனர். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்வதால், மரத்தின் வயது வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். நடுவில் உலோகமும், அதைச் சுற்றித் தொழிற்சாலைப் பிரைமரும், அதன் மேல் அசல் நிறமும், பின்னர் வந்த உரிமையாளர்கள் பூசிய நிறங்களும் வரிசையாக நிற்கும். பழைய ஓவியங்களையும் கட்டடச் சுவர்களையும் ஆராயும் பாதுகாப்பாளர்கள் கையாளும் அதே முறை இது.

பூச்சின் வகையை அறியவும் ஓர் எளிய சோதனை உண்டு. தின்னரில் நனைத்த துணியை மறைவான இடத்தில் சில விநாடிகள் வைத்தால், நைட்ரோ செல்லுலோஸ், அக்ரிலிக் லாக்கர் வகைப் பூச்சுகள் இளகித் துணியில் ஒட்டும். சூளையில் சுட்டு இறுகவைத்த எனாமலும், கடினமூட்டி சேர்த்த பிற்காலப் பாலியூரித்தேன் பூச்சும் அவ்வளவு எளிதில் கரையா. 1950-களைச் சேர்ந்த வண்டியின் டேங்க் முழுவதும் பாலியூரித்தேன் இருந்தால், அது பின்னாளில் பூசப்பட்டது என்று முடிவு செய்யலாம். இந்த வேறுபாடு இன்னொரு வகையிலும் முக்கியம்: பழைய எனாமலின் மீது லாக்கர் தின்னர் பட்டால், அடிப்பூச்சு சுருங்கி எழும்பி மொத்த வேலையும் பாழாகும்.

சில நேரங்களில் மேற்பூச்சைப் பொறுமையாக அகற்றினால், அடியில் அசல் வண்ணமும் கையால் இழுத்த கோடுகளும் அப்படியே கிடைப்பதுண்டு. அத்தகைய வண்டிக்குப் புதிய வண்ணமே தேவைப்படாது.

அதே டப்பா இன்று ஏன் கிடைப்பதில்லை?

'நிறத்தின் எண் தெரிந்தால் போதுமே, கடையில் கலந்து தருவார்களே' என்ற கேள்வி எழலாம். கோமோ பகுதியைச் சேர்ந்த லெக்லர், மிலானில் தோன்றிய மேக்ஸ் மேயர் ஆகிய வண்ண நிறுவனங்களின் எண்கள் பழைய இத்தாலிய வாகனங்களின் வண்ணப் பட்டியல்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால், எண் ஒன்றாக இருந்தாலும் டப்பாவுக்குள் இருக்கும் பொருள் மாறிவிட்டது.

முதலாவது காரணம் நிறமி. அக்காலத்தின் ஒளிமிக்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவும் ஈய குரோமேட் நிறமிகளால் உருவாக்கப்பட்டவை. நச்சுத்தன்மை காரணமாக, 2015-ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு சிறப்பு அனுமதியின்றி இவற்றை ஐரோப்பிய ஒன்றியத்தில் பயன்படுத்த இயலாது. அவற்றுக்கு மாற்றாக வந்த நிறமிகளால் ஏறத்தாழ அதே நிறத்தைக் கொண்டுவர முடியும். ஆனால் ஒளியை அவை உள்வாங்கும் விதம் வேறு.

இதன் விளைவாக ஒரு விசித்திரம் நிகழ்கிறது. பழைய பாகமும் புதிய பூச்சும் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். மாலையில் மஞ்சள் குண்டு பல்பின் கீழ் இரண்டும் தனித்தனி நிறங்களாகப் பிரிந்துவிடும். துணிக்கடையின் விளக்கொளியில் பொருத்தமாகத் தெரிந்த ரவிக்கைத் துணி, வெளியே வந்ததும் சேலையோடு ஒட்டாமல் போவதும் இதே காரணத்தால்தான். எனவே, வண்ண ஒப்பீட்டைப் பகல் ஒளி, குழல் விளக்கு, மஞ்சள் விளக்கு ஆகிய மூன்றின் கீழும் செய்து பார்ப்பது கட்டாயம்.

இரண்டாவது காரணம் கரைப்பான். காற்றில் ஆவியாகிப் புகைமூட்டத்துக்குக் காரணமாகும் கரிமச் சேர்மங்களைக் குறைக்க, 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணையைப் பிறப்பித்தது. அதன்படி வாகன மேற்பூச்சுகளில் இச்சேர்மங்கள் லிட்டருக்கு 420 கிராமுக்கு மிகக் கூடாது என்ற வரம்பு 2007 முதல் நடைமுறைக்கு வந்தது. கரைப்பான் மிகுந்த பழைய செல்லுலோஸ் பூச்சுகள் இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆயினும், வரலாற்று மதிப்புடையவை என அறிவிக்கப்பட்ட பழைய வாகனங்களுக்காக, மிகக் குறைந்த அளவில் பழைய வகைப் பூச்சை விற்கவும் வாங்கவும் உறுப்பு நாடுகள் தனி அனுமதி வழங்கலாம் என்று அதே ஆணை இடமளிக்கிறது. ஒரு நிறத்தைக் காப்பதும் பண்பாட்டைக் காப்பதே என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது.

கருவியின் கணக்கும் கண்ணின் தீர்ப்பும்

வண்ணத்தை அளக்க நிறமாலைமானி என்ற கைக்கருவி பயன்படுகிறது. அது ஒரு நிறத்தை வெளிர்மை, சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம் என்ற மூன்று எண்களாக மாற்றித் தருகிறது. 1976-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இந்த அளவுமுறையில், இரு நிறங்களுக்கு இடையிலான தொலைவு 'டெல்டா ஈ' எனப்படும். அது ஏறத்தாழ ஒன்று அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது.

ஒற்றை நிறப் பூச்சுகளுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் போதுமானது. லென்யானோ பச்சை போன்ற, உலோகத் துகள் கலந்த பூச்சுகளுக்குப் போதாது. அவற்றில் மிதக்கும் அலுமினியச் செதில்கள் சிறு கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்புகின்றன. நேராகப் பார்த்தால் வெளிர்ந்தும், சாய்ந்து பார்த்தால் இருண்டும் தெரியும். ஆகவே, இத்தகைய பூச்சுகளை 15, 45, 110 பாகை போன்ற பல கோணங்களில் அளக்கும் கருவி தேவை.

அதன் பிறகும் வேலை முடிவதில்லை. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த உலோக வண்ணத்தையே உலர்வாக, தொலைவிலிருந்து தெளித்தால் வெளிர்ந்தும், ஈரமாக, நெருங்கித் தெளித்தால் அடர்ந்தும் அமையும். ஸ்பிரே கன்னின் முனை, காற்றழுத்தம், அறையின் வெப்பநிலை ஆகியவையும் நிறத்தை மாற்றும். இதனால் அனுபவமிக்க பெயின்டர்கள் நேரடியாக டேங்கில் தெளிப்பதில்லை. முதலில் சிறு தகடுகளில், அதே பிரைமர், அதே எண்ணிக்கையிலான பூச்சுகளுடன் தெளித்து, முழுமையாக உலரவிட்டு, அசல் சான்றின் அருகே வைத்து ஒப்பிடுகின்றனர். உலர்ந்தபின் நிறம் மாறும் என்பதால் ஈரத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை.

பேணுவதா, புதுப்பிப்பதா?

உலகப் பழைமை வாகன அமைப்புகளின் கூட்டமைப்பான 'ஃபிவா' 1966-இல் நிறுவப்பட்டது. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வாகனங்களுக்கென அது ஏற்றுக்கொண்ட நெறிமுறையே துரின் சாசனம். வாகனத்தின் வரலாற்றுத் தன்மையை இயன்றவரை குறைவாகத் தொட்டுப் பேண வேண்டும், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அந்த நெறியின்படி, வண்ணப் பணி ஒரு படிக்கட்டு போன்றது. முதல் படி தூய்மைப்படுத்துதல். இரண்டாவது, மெழுகு பூசி மேலும் சிதையாமல் காத்தல். மூன்றாவது, கீறல் விழுந்த இடத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் நிரப்புதல். நான்காவது, சேதமடைந்த ஒரு பாகத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டி, சுற்றியுள்ள பழைய நிறத்தோடு இசையவைத்தல். உலோகம் அரித்துப்போய், அசல் பூச்சு பெரும்பாலும் அழிந்துவிட்டால் மட்டுமே கடைசிப் படியான முழு வண்ணமடிப்பு.

இதில் நான்காவது படியே மிகக் கடினமானது. அங்கே இணைவைக்க வேண்டியது தொழிற்சாலை நாளின் நிறத்துக்கா, இன்று வெளிறி நிற்கும் நிறத்துக்கா என்ற கேள்வி எழுகிறது. முழு வண்டியும் புதுப்பிக்கப்படும்போது மறைவிடத்தில் கிடைத்த அசல் நிறமே அளவுகோல். ஒரு மட்கார்டை மட்டும் சரிசெய்யும்போது, அருகில் உள்ள வெளிறிய டேங்கோடு பொருந்துவதே சரி. இல்லையேல் புதிய பாகம் ஒட்டுப்போட்ட துணியைப் போலத் துருத்தி நிற்கும்.

அளவுக்கு மீறிய பளபளப்பும் ஒரு பிழையே. பழைய ஒற்றை அடுக்குப் பூச்சுகளுக்கு அடங்கிய மினுக்கு உண்டு. இன்றைய நிறமற்ற மேற்பூச்சு, தண்ணீர் நின்றாற்போன்ற ஆழமான பளபளப்பைத் தரும். அக்காலத் தொழிற்சாலைகள் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதிகளில் மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொண்டன. பட்டி பூசி வழவழப்பாக்கி, உள்ளும் புறமும் கண்ணாடிபோல் மெருகேற்றிய வண்டி, பிறந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

தூசியில் உள்ள ஆபத்து

பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்ப்பது உடல்நலத்துக்குக் கேடு. அதில் ஈயமும் குரோமேட்டும் இருக்கக்கூடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. குழந்தைகளை அது மிகுதியாகப் பாதிக்கிறது. எனவே நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதக் கூடாது. வேலைக்கு அணிந்த துணியோடு வீட்டுக்குள் செல்லக் கூடாது.

புதிய பாலியூரித்தேன் பூச்சுகளிலும் ஆபத்து உண்டு. அவற்றின் கடினமூட்டியில் உள்ள ஐசோசயனேட், தெளிக்கும்போது நுரையீரலுக்குள் சென்று தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். முகத்தில் கட்டிய கைக்குட்டையோ சாதாரணத் தூசி முகக்கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைச் செலுத்தும் கவசமே ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், இத்தகைய பொருள்களைத் தொழில்முறையில் கையாளுவோர் அதற்கான பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம்.

இந்திய வாசகர்களுக்கு இதில் என்ன?

இத்தாலிய இரு சக்கர வாகனங்களோடு இந்தியாவுக்கு நெடிய உறவு உண்டு. பம்பாயில் ஏபிஐ நிறுவனம் லாம்ப்ரெட்டாவையும், 1960-களில் பியாஜியோவின் உரிமம் பெற்று பஜாஜ் நிறுவனம் வெஸ்பாவையும் தயாரித்தன. லாம்ப்ரெட்டாவின் உற்பத்தி இத்தாலியில் நின்ற பின், அதன் இயந்திரங்கள் லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்துக்கு வந்தன. மேற்கூறிய முறைகள் அனைத்தும் இந்த ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும். ஆனால், இத்தாலிய வண்ணப் பட்டியல் இந்தியாவில் தயாரான வண்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று கருதிவிடக் கூடாது. வண்டியின் மறைவிடத்தில் கிடைக்கும் சான்றே இங்கும் முதன்மையானது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவு செய்யலாம். வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவுச் சான்றில் வாகனத்தின் நிறமும் குறிக்கப்படுவதால், பழைய ஆர்.சி. புத்தகமே அசல் நிறத்துக்கு ஒரு சான்றாக அமையலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனிக்க வேண்டிய ஒன்று. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் நிறுத்திவைக்கப்படும் வண்டியின் இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து, வெளி வண்ணம் கொப்பளிக்கக்கூடும். பழைய கண்ணாடியிழை டேங்குகளில் அது பிசினையே இளக்கிவிடும். வண்ணம் தீட்டும் முன் டேங்கின் உட்புறத்தைச் சரிபார்க்காவிட்டால், மேற்பூச்சுக்குச் செய்த செலவு வீணாகும்.

தாத்தா அல்லது தந்தை ஓட்டிய பழைய ஸ்கூட்டர் ஒன்று வீட்டு மூலையில் நிற்குமானால், அதைப் பட்டறைக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியவை மூன்று. வண்டியை எல்லாக் கோணங்களிலும் படம் எடுக்க வேண்டும். டேங்கின் அடியிலும் இருக்கையின் கீழும் அசல் நிறம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். நிறம் இருக்கும் ஒரு சிறு இடத்தையாவது தொடாமல் விட்டுவைக்குமாறு பெயின்டரிடம் சொல்ல வேண்டும். நாளை வேறொருவர் அந்த வண்டியின் உண்மை நிறத்தைத் தேடி வரும்போது, அந்தச் சிறு இடமே அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கும்.